ஏடிஹெச்டி பசங்களும் வேப்பும்: குடும்ப சேவை நிலையத்து சாயங்கால வகுப்புக்குப் போயிட்டு வந்து எழுதுறேன்

இது ஒரு வகுப்பு பத்தின ரிவியூ. சிங்கப்பூர் வடகிழக்குப் பக்கம் ஒரு குடும்ப சேவை நிலையத்துல வாரத்துல ஒரு சாயங்காலம் நடத்துறாங்க, ஏடிஹெச்டி, அதாவது ஒண்ணுல கவனம் நிக்காம, யோசிக்காம சட்டுன்னு செய்ய வைக்கிற மூளை வளர்ச்சிக் கோளாறு, இருக்குற செகண்டரி, ஐடிஇன்னு சொல்ற தொழிற்கல்வி, பாலிடெக்னிக் பசங்களுக்கும் அவங்கள வளர்க்கிறவங்களுக்கும் சேர்த்து. பேச்சு முழுக்க ஒரே விஷயந்தான், இந்தப் பசங்க வேப்னு சொல்ற மின்சிகரெட், சிகரெட், குடி, கேம் இதுல எல்லாம் மத்த பசங்கள விட ஏன் சீக்கிரம் மாட்டிக்கிறாங்க, மாட்டாம இருக்க வீட்டுல என்ன செய்யலாம், மாட்டினவன வெளிய கொண்டுவர யார்கிட்ட போகணும். நிலையத்தோட பேர் போட மாட்டேன், ரொம்ப சின்ன குழு, பேர் போட்டா அங்க வந்த பசங்க யாருன்னு அக்கம்பக்கத்துல கண்டுபிடிச்சிடுவாங்க, அது அந்தப் பிள்ளைங்களுக்கு நல்லதில்ல. உங்க வட்டாரத்து குடும்ப சேவை நிலையத்துல இந்த மாதிரி நடக்குதான்னு கேட்டுப் பாருங்க, இல்லேன்னா நடத்தச் சொல்லிக் கேளுங்க. முதல்லயே மார்க் சொல்லிடுறேன், 5க்கு 4. ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னு கீழ எழுதியிருக்கேன்.

நான் போனது என் அக்கா மகனுக்காக. இப்ப செகண்டரி மூணு. அக்கா தனியா நின்னு வளர்க்குறாங்க, ஆஸ்பத்திரியில ஷிப்ட் வேலை, அதனால பள்ளிக்கூடம் கூப்பிட்டாலும் சரி டாக்டர் கூப்பிட்டாலும் சரி பாதி நேரம் மாமா நான்தான் போறது. பையனுக்கு பிரைமரி நாலுலயே ஏடிஹெச்டின்னு டாக்டர் சொல்லிட்டாங்க, மாத்திரை சாப்பிட்டான், நல்லாத்தான் போச்சு. செகண்டரி வந்ததும் சொந்தக்காரங்க பேச்சு ஆரம்பிச்சுது, தீபாவளிக்கு வந்த இடத்துல ஒருத்தங்க "அது மூளைய மயக்குற மருந்துமா, இப்பவே பழக்கிட்டா பெரியவனானதும் டிரக்ஸ்லதான் போய் நிப்பான்"னு சொல்ல, இன்னொருத்தங்க ஆமாம்னு தலையாட்ட, அக்கா பயந்துபோய் மாத்திரைய நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்து டாய்லெட்ல வேப்போட மாட்டினான்.

அதுக்கப்புறம் நாங்க அலைஞ்சத சொன்னாதான் இந்த வகுப்பு ஏன் எனக்கு இவ்வளவு பெருசா தெரியுதுன்னு உங்களுக்குப் புரியும். வேப் விடுறதுக்குன்னு ஒரு இடத்துக்கு அனுப்பினாங்க, அங்க நுரையீரல் படமெல்லாம் காட்டினாங்க, சட்டம் சொன்னாங்க, எல்லாம் சரிதான், ஆனா பையனுக்கு ஏடிஹெச்டி இருக்கான்னு ஒருத்தர்கூட கேக்கல, நானா சொன்னப்பவும் "அது டாக்டர் பாத்துப்பாங்க அங்கிள்"னு எழுதிக்காமலே விட்டுட்டாங்க. இன்னொரு கிளினிக்ல ஏடிஹெச்டிக்குப் போனா வேப் பேச்சு எடுத்ததுமே "முதல்ல அத விட்டுட்டு வரட்டும், அப்புறம் மருந்து பத்தி பேசலாம்"னாங்க. அங்க போனா இத முடிச்சிட்டு வா, இங்க போனா அத முடிச்சிட்டு வா. ஒரே பையன், ஒரே தலை, ரெண்டு கதவு. இந்த வகுப்புலதான் முதல் தடவையா ரெண்டையும் ஒரே மேசையில வச்சு ஒரே மூச்சுல பேசினாங்க, நான் கொடுக்கற 4 மார்க்குல பாதி இதுக்கே போயிடும்.

முதல் வாரம் நடத்தினவங்க நம்ம தமிழ்ப் பொண்ணுதான், சமூக சேவகி, ரொம்ப சின்ன வயசு, ஆனா பேச்சுல தெளிவு. பயமுறுத்தாம கணக்க வச்சுப் பேசினாங்க. 2011ல அமெரிக்காவுல ஒரு குழு, பிள்ளைங்கள சின்ன வயசுலேர்ந்து பல வருஷம் தொடர்ந்து கவனிச்ச 27 ஆய்வுகள ஒண்ணா சேர்த்துப் பாத்திருக்காங்க, அதுல ஏடிஹெச்டி இருந்த பிள்ளைங்களுக்கு நிக்கோட்டினுக்கு அடிமையாகுற வாய்ப்பு மத்தவங்கள விட கிட்டத்தட்ட மூணு மடங்கு, குடிப்பழக்கம் கோளாறா மாறுற வாய்ப்பு 1.7 மடங்கு போல. மறுபக்கத்துலேர்ந்து பாத்தாலும் அதே கதைதான், போதைப் பழக்கத்துக்கு சிகிச்சைக்கு வந்தவங்கள எடுத்துப் பாத்த 2012 ஆய்வுத் தொகுப்புல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு ஏடிஹெச்டி இருந்திருக்கு, பொதுவா பிள்ளைங்கள்ல இது 100க்கு 5 பேர் அளவுலதான் இருக்கும்னு நினைச்சுப் பாருங்க எவ்வளவு வித்தியாசம்னு. இதக் கேட்டதும் ரூம்ல ஒரு சத்தமும் இல்ல. அந்தப் பொண்ணு உடனே சொன்னாங்க, "ஆன்ட்டி, மூணு மடங்குன்னா எல்லாரும் மாட்டுவாங்கன்னு அர்த்தம் இல்ல, ஏடிஹெச்டி இருக்குற நிறைய பிள்ளைங்க வாழ்நாள் முழுக்க எதையும் தொடறதே இல்ல, ஆனா நம்ம வீட்டுல இது இருக்குன்னு தெரிஞ்சா நாம கொஞ்சம் முன்னாடியே கண் வைக்கணும், அவ்வளவுதான்." அது எனக்குப் பிடிச்சிருந்தது. விதின்னும் சொல்லல, ஒண்ணும் இல்லன்னும் சொல்லல.

இன்னொண்ணும் சொன்னாங்க, இத நிறைய பேர் கவனிக்க மாட்டாங்க. ஏடிஹெச்டியோட சேர்ந்து அடிதடி, பொய், திருட்டு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுறது இந்த மாதிரி நடத்தைக் கோளாறும் இருக்குற பசங்களுக்குத்தான் ஆபத்து இன்னும் அதிகமாம், அதனால கவனம் இல்லாததுக்கு மட்டும் வைத்தியம் பாத்துட்டு கோபத்தையும் அடாவடியையும் "வயசுக் கோளாறு"னு விட்டுடக் கூடாது.

ஏன் இந்தப் பசங்க சீக்கிரம் மாட்டுறாங்கன்னு விளக்கின விதம் நல்லா இருந்தது. மூளையில டோப்பமின்னு ஒண்ணு இருக்கு, ஒரு காரியத்துல ஆர்வம் வரவும், இது செஞ்சா நல்லது கிடைக்கும்னு காத்திருக்கவும் அது வேலை செய்யணும், ஏடிஹெச்டியில அந்த ஏற்பாடு வேற மாதிரி ஓடுது. அதனால நாளைக்குக் கிடைக்கப்போற பெரிய பரிசு அவங்களுக்கு மங்கலாத்தான் தெரியும், இப்ப கைக்கு வர்ற சின்னது பளிச்சுன்னு தெரியும். பெரிய பரீட்சை அடுத்த வருஷம்னு நாம கத்துறது அவன் காதுல ஏறாததுக்கு திமிர் காரணம் இல்ல. இதுகூட ஒரு விஷயம் சேருது, சின்ன வயசுலேர்ந்தே "உக்காரு, வாய மூடு, உன்னால ஒண்ணும் உருப்படாது" இதையே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, புளோக்குக்குக் கீழ திறந்த தளத்துல, வாய்ட் டெக்ல, வேப் ஊதுற கூட்டம் மட்டும் திட்டாம சேர்த்துக்கும். அங்க உக்காந்திருந்த ஒவ்வொரு அம்மாவும் அந்த இடத்துல தலையக் குனிஞ்சாங்க. மரபும் இருக்கு, இரட்டையர்கள வச்சு செஞ்ச ஆய்வுகள்ல ஏடிஹெச்டி வர்றதுல 74 சதவீதம் போல மரபணுவாலன்னு கணக்கு வந்திருக்கு, அதனால பையன் டெஸ்ட்டுக்குப் போறப்பதான் அப்பாவுக்கும் இருந்திருக்குன்னு தெரியவர்ற குடும்பங்கள் நிறைய. நம்ம ஆளுங்க "அவங்க அப்பா மாதிரியே துருதுருன்னு இருக்கான்"னு பெருமையா சொல்றது பல வீட்டுல உண்மையாவே அதுதான்.

இப்ப மருந்து வாரத்துக்கு வரேன், ஏன்னா இந்த வகுப்புக்கு நான் எல்லாரையும் போகச் சொல்றதே அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான். வெளியிலேர்ந்து ஒரு மனநல டாக்டர் வந்தார், ஒரு மணி நேரம்னு சொல்லியிருந்தாங்க, கேள்வி நிக்காததால ரொம்ப நேரம் இருந்தார். முதல் கேள்வியே என் அக்கா கேட்டதுதான், அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தாங்க. "டாக்டர், இந்த மாத்திரையும் ஸ்பீடுன்னு சொல்ற போதைப்பொருள் மாதிரிதானே, இத சாப்பிட்டா பின்னாடி டிரக்ஸ் பக்கம் போவாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?" டாக்டர் சிரிக்கல, தட்டிக் கழிக்கல. "நீங்க பயப்படுறது நியாயம்மா, இது கட்டுப்பாட்டுல இருக்குற மருந்துதான், ஆனா ஆய்வு என்ன சொல்லுதுன்னு பாப்போம்"னு ஆரம்பிச்சார்.

2013ல ஒரு ஆய்வுத் தொகுப்பு வந்திருக்கு, 15 ஆய்வு, 2,500க்கும் மேல பிள்ளைங்க, சின்ன வயசுல இந்த மருந்து சாப்பிட்டவங்க பின்னாடி போதைக்குப் போற வாய்ப்பு கூடவும் இல்ல குறையவும் இல்லன்னு முடிவு. அப்புறம் சுவீடன்ல நாட்டோட மருத்துவப் பதிவேடுகள வச்சு செஞ்ச ஆய்வு, 2014ல வெளியானது, 2006ல மருந்து எடுத்துக்கிட்டவங்களுக்கு, எடுக்காதவங்கள விட, மூணு வருஷம் கழிச்சு போதைப் பிரச்சினை 31 சதவீதம் குறைவு. 2017ல அமெரிக்காவுல லட்சக்கணக்கானவங்களோட இன்ஷூரன்ஸ் பதிவுகள வச்சுப் பாத்ததுல, ஒரே ஆள் மருந்து சாப்பிட்ட மாசங்களையும் சாப்பிடாத மாசங்களையும் ஒப்பிட்டா, சாப்பிட்ட மாசங்கள்ல போதை சம்பந்தமா ஆஸ்பத்திரிக்கு வர்றது மூணுல ஒரு பங்கு போல குறைஞ்சிருக்கு. டாக்டரே சொன்னார், இதெல்லாம் பதிவேட்டக் கவனிச்சு எழுதினது, மருந்துதான் காப்பாத்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா மருந்து சாப்பிட்டா அடிமையாவான்ங்கறதுக்கு இதுல எந்த ஆதாரமும் இல்லன்னு தைரியமா சொல்லலாம்னு. நான் அக்கா முகத்தப் பாத்தேன், தீபாவளியிலேர்ந்து மனசுல தூக்கிட்டு நடந்தத அன்னிக்குத்தான் இறக்கி வச்சாங்க.

அடுத்து அவர் சொன்ன வேக விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுது. ஒரு பொருள் போதையாகுமா இல்லையாங்கறது அது என்ன செய்யுதுங்கறதுல மட்டும் இல்ல, எவ்வளவு வேகமா மூளைக்கு ஏறுதுங்கறதுலயும் இருக்கு. வேப்ப இழுத்தா நிக்கோட்டின் சில விநாடியில மூளைக்குப் போயிடும். ஏடிஹெச்டிக்கு வழக்கமா குடுக்குற மெத்தில்ஃபெனிடேட் மாத்திரைய முழுங்கினா மூளையில உச்சத்துக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், மெதுவா ஏறி மெதுவா இறங்கும், அந்தக் "கிக்"னு சொல்ற ஒண்ணு டாக்டர் குடுக்குற அளவுல வராது. கான்செர்ட்டா மாதிரி நாள் முழுக்க வேலை செய்யுற மாத்திரைக்கு வெளிய ஒரு கெட்டியான ஓடு, சுலபமா பொடியாக்க முடியாது, உள்ள இருக்கறது 12 மணி நேரம் போல கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். அதனாலதான் வேப் பழக்கம் இருக்குற பையனுக்கு மருந்து குடுக்கவே கூடாதுன்னு கதவ மூடாம, எந்த மாதிரி மருந்துன்னு யோசிச்சுத் தேர்ந்தெடுக்கலாம், அட்டோமோக்சடின் மாதிரி ஸ்டிமுலன்ட்னு சொல்ற ஊக்க மருந்து வகையே இல்லாத மருந்தும் இருக்குன்னு சொன்னார். நாங்க முன்னாடி போன இடத்துல இந்த ஒரு வாக்கியத்த யாராவது சொல்லியிருந்தா எங்களுக்கு பல மாசம் மிச்சமாகியிருக்கும்.

பக்கவிளைவையும் மறைக்கல, பசி குறையும், தூக்கம் தள்ளிப் போகும், சிலருக்கு நெஞ்சு படபடக்கும், எடையையும் பிரஷரையும் பாத்துக்கிட்டே இருக்கணும். எங்க வீட்டுல மத்தியானம் கேன்டீன்ல ஒண்ணும் சாப்பிட மாட்டான், ராத்திரி பத்து மணிக்கு மேல மேகி கேப்பான், அத எப்படி சமாளிக்கிறதுன்னு கேட்டேன், காலையில மாத்திரைக்கு முன்னாடி வயிறு நிறைய குடுங்க, இட்லி முட்டை எதுவா இருந்தாலும் சரி, ராத்திரி சாப்பாட்ட கொஞ்சம் தள்ளி வைங்கன்னார். இப்படி வீட்டுக்கு உதவுற பதில்.

பசங்களுக்குத் தனியா ஒரு ரூம்ல கலந்துரையாடல் நடக்கும், பெரியவங்க உள்ள போகக்கூடாது, உள்ள பேசினத வெளிய சொல்ல மாட்டாங்க, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் சொல்வாங்கன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. அதனால உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, ஆனா ஒரு நாள் எம்ஆர்டியில வரும்போது பையனே வாயத் திறந்தான். "மாமா, வேப் இழுத்தா எனக்குத் தல கொஞ்சம் அமைதியாவுது, கிளாஸ்ல சார் பேசறது கேக்குது, அதான் இழுத்தேன், ஸ்டைலுக்கு இல்ல." நான் ஒண்ணும் சொல்லல, கேட்டுக்கிட்டேன். அடுத்த வாரம் அவன் அனுமதியோட இத டாக்டர்கிட்ட கேட்டப்ப அவர் சொன்னது, பையன் பொய் சொல்லல, நிக்கோட்டின் கொஞ்ச நேரத்துக்கு கவனத்தக் கூட்டுறது நிஜம், மருந்து இல்லாத ஏடிஹெச்டி பசங்க தெரிஞ்சோ தெரியாமலோ அத மருந்தாவே எடுத்துக்கறாங்கன்னு ரொம்ப நாளா பேசுறாங்க. ஆனா அதோட மறுபாதியும் இருக்கு, நிக்கோட்டின் இறங்கினதும் வர்றது என்ன, எரிச்சல், நிலைகொள்ளாம இருக்கறது, கவனம் சிதறுறது, ஏடிஹெச்டியோட அறிகுறியும் அதேதான். அப்ப ஒவ்வொரு ரெண்டு மணி நேரத்துக்கும் அவனோட ஏடிஹெச்டி இன்னும் மோசமான மாதிரி இருக்கும், உடனே வேப் வேணும்னு தோணும், இழுத்தா சரியாகும், "பாத்தியா இதுதான் என் மருந்து"ன்னு நம்பிக்கை இறுகும். விட முயற்சி பண்ற முதல் வாரங்கள்ல பையன் முன்ன விட மோசமா நடந்துக்கறத பாத்து நாம தளர்ந்துடக் கூடாது, அது நிக்கோட்டின் இறங்குற நேரம். ஏடிஹெச்டி இருக்கறவங்களுக்கு சிகரெட் விடுறது மத்தவங்களுக்கு விட கஷ்டமா இருக்கும்னு சொல்றதோட காரணமும் இதுலயே கிடக்கு. வேப்புக்கு மட்டும் படம் காட்டி அனுப்பறது ஏன் பத்தாதுன்னும் இதுல தெரியும், அவன் மருந்துன்னு நினைக்கிறத நீங்க பிடுங்கினா அந்த இடத்துல ஒழுங்கான மருந்தையும் ஒழுங்கான ஆதரவையும் வைக்கணும்.

சட்டம் பத்தி ஒரு வாரம், சுருக்கமா, போதும்னு தோணுச்சு. வேப் வச்சிருக்கறதே இங்க 2018லேர்ந்து குற்றம். 2025 செப்டம்பர் 1லேர்ந்து இறுக்கிட்டாங்க, அப்ப வச்ச விதிப்படி முதல் தடவை மாட்டினா 18 வயசுக்குக் கீழ இருந்தா 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், அதுக்கு மேல 700 வெள்ளி, மறுதடவை மாட்டினா மறுவாழ்வுத் திட்டத்துக்குப் போயே ஆகணும், அதுக்கும் மேல போனா கோர்ட்டு. கேபாட்னு பசங்க சொல்ற வேப்புல இருக்கற எட்டோமிடேட், ஆஸ்பத்திரியில மயக்கம் குடுக்கப் பயன்படுத்துற மருந்து, அதையும் அதே நாள்லேர்ந்து போதைப்பொருள் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அந்த வருஷம் பிடிபட்ட வேப்புகள்ல 100க்கும் மேல எடுத்து சோதிச்சப்ப மூணுல ஒண்ணுல எட்டோமிடேட் இருந்துச்சுன்னு அரசாங்கமே சொல்லுச்சு. யோசிக்காம சட்டுன்னு கைநீட்டி வாங்குற குணம் உள்ள பையனுக்கு இதுதான் பெரிய ஆபத்து, கூட்டாளி நீட்டினா உள்ள என்ன இருக்குன்னு கேக்கற அந்த ரெண்டு விநாடி அவன்கிட்ட இல்ல. இந்த இடத்துல நல்ல சேதி ஒண்ணும் சொன்னாங்க, மாட்டறதுக்கு முன்னாடி தானா முன்வந்து விடுறதுக்கு உதவி கேட்டா தண்டனை கிடையாது, சுகாதார மேம்பாட்டு வாரியத்தோட குவிட்லைன் 1800 438 2000. எங்க பையன் இதுலதான் இப்ப இருக்கான்.

வீட்டுல செய்ய வேண்டியதுன்னு சொன்னதுல எங்களுக்கு உதவினது ரெண்டு. ஒண்ணு, பரிசு பக்கத்துல இருக்கணும், மாசக் கடைசியில போன் வாங்கித் தரேன்னு சொல்றத விட இன்னிக்கு சாயங்காலம் ஹோம்வர்க் முடிச்சா இன்னிக்கே பேட்மிண்டன் கோர்ட்டு, அது வேலை செய்யுது, கோர்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். ரெண்டு, மாத்திரை பெட்டி பெரியவங்க கையில, பூட்டி. பையன் மேல சந்தேகம்னு இல்ல, பரீட்சை நேரத்துல மத்த பசங்க "ஒண்ணு குடுடா, ராத்திரி முழிச்சுப் படிக்கணும்"னு கேப்பாங்க, கூட்டாளிக்கு உதவறதா நினைச்சுக் குடுத்துடுவான், அது சட்டப்படி பெரிய சிக்கல், அந்தக் கூட்டாளிக்கு இதயக் கோளாறு இருந்தா உயிருக்கே சிக்கல். இத பசங்களையும் பெரியவங்களையும் சேர்த்து உக்கார வச்சு சொன்னாங்க, அதுதான் சரி.

பொண்ணுங்க பத்தி கொஞ்சம் பேசினாங்க, இன்னும் பேசியிருக்கணும். பொண்ணுங்களுக்கு ஓட்டம் சாட்டம் இல்லாம கனவு காணுற மாதிரி, மறதியா, அமைதியா இருக்குற வகை அதிகம், டீச்சருக்குத் தொந்தரவு இல்லாததால யாரும் கண்டுக்கறதில்ல, சோம்பேறின்னு பேர் மட்டும் கிடைக்கும். அப்படிக் கண்டுபிடிக்காம விட்ட பிள்ளைங்க பதினாறு பதினேழு வயசுல மனச்சோர்வோடயோ ஏதாவது பழக்கத்தோடயோ வந்து நிக்கும்போதுதான் தெரியவருது. எங்க குழுவுல பையன் வீட்டுக்காரங்கதான் பெரும்பாலும், இது மாறணும்.

இப்ப அந்த ஒரு மார்க். கேம் பத்தின வாரம் எனக்குத் திருப்தி இல்ல. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறுன்னு தன் நோய்ப் பட்டியல்ல 2019ல ஏத்துக்கிட்டுது, அது 2022ல நடைமுறைக்கு வந்தது, அது வரைக்கும் சொன்னாங்க, அதுக்கப்புறம் "ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்னு கட்டுப்படுத்துங்க"ன்னு போயிட்டாங்க. ஏடிஹெச்டி பையன்கிட்ட ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு எப்படி நிறுத்த வைக்கிறது, நேரம் போறதே அவனுக்குத் தெரியாதே, மேட்ச் நடுவுல பிடுங்கினா வீடு ரெண்டாகுமே, அந்த இடத்துலதான் எங்களுக்கு உதவி தேவைப்பட்டுது. நிக்கோட்டினுக்கு இவ்வளவு ஆழமா போனவங்க இதுக்கும் போயிருக்கலாம்.

மொழியும் ஒரு குறை. பேச்சு தமிழ்ல நடந்தது, நிறுத்தி நிதானமா, நம்ம அம்மா வயசு ஆன்ட்டிங்களுக்கும் புரியுற மாதிரி, அது பெரிய விஷயம். ஆனா கையில குடுத்த தாள் எல்லாம் இங்கிலீஷ், டாக்டர் வந்த அன்னிக்கு காட்டின ஸ்லைடும் இங்கிலீஷ். பேரப்பிள்ளைய வளர்க்குற ஒரு பாட்டி அந்தத் தாள மடிச்சு பையில வச்சுக்கிட்டு "வீட்டுல மருமகள படிக்கச் சொல்றேன்"னாங்க. மருமக அந்த வகுப்புக்கு வரவே நேரம் இல்லாதவங்க. மருந்து பத்தின பயம் நம்ம வீடுகள்ல பரவுறது தமிழ்ல, கல்யாண வீட்டுலயும் தேக்கா மார்க்கெட்லயும் தமிழ்ல, பதில் மட்டும் இங்கிலீஷ்ல இருந்தா எப்படி போய்ச் சேரும். இத அவங்ககிட்டயே சொன்னேன், அடுத்த குழுவுக்கு மொழிபெயர்த்துத் தரோம்னு சொன்னாங்க, நான் வந்து கைகொடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.

நேரம் ஏழு மணி, வார நாள். ஷிப்ட் வேலை பாக்குறவங்களுக்கு கஷ்டம், நான் பஸ் ஓட்டுறவன், பக்கத்து ஆள்கிட்ட டூட்டி மாத்திக்கிட்டுத்தான் போனேன், அக்காவால பாதிக்கு மேல வர முடியல. சனிக்கிழமை மத்தியானம் வச்சா இன்னும் நிறைய குடும்பம் வரும். இடத்துக்காக காத்திருக்கறதும் கொஞ்சம் நீளம். கட்டணம் குறைவுதான், முடியாதவங்களுக்கு அதையும் தள்ளுபடி பண்றாங்க, அதுல குறையே சொல்ல முடியாது.

ஒண்ணு தெளிவா சொல்லணும், இது சிகிச்சை இல்ல, வகுப்பு. ஏடிஹெச்டியான்னு இங்க டெஸ்ட் பண்ண மாட்டாங்க, மருந்து எழுத மாட்டாங்க. அதுக்கு பாலிகிளினிக் போய் ரெஃபரல் வாங்கிட்டு மனநலக் கழகத்தோட குழந்தைகள் வழிகாட்டி கிளினிக் போனா மானியம் கிடைக்கும், பள்ளிக்கூடத்துல இருக்குற கவுன்சிலர் வழியாவும் போகலாம். வயசு 16லேர்ந்து 30 வரைக்கும்னா சாட்னு ஒரு சேவை இருக்கு, மதிப்பீடு இலவசம், ரகசியம் காப்பாங்க. பழக்கம் முத்திப்போச்சுன்னா மனநலக் கழகத்துக்குள்ளயே நாம்ஸ்னு அடிமைப் பழக்கத்துக்கான பிரிவு இருக்கு, அவங்க ஹெல்ப்லைன் 6732 6837. ராத்திரி நேரத்துல யார்கிட்டயாவது பேசணும்னா தேசிய மனநல உதவி எண் 1771. எங்க போனாலும் ரெண்டு விஷயத்தையும் ஒரே தடவையில சொல்லுங்க, ஏடிஹெச்டி டாக்டர்கிட்ட வேப் பத்தியும், வேப் கவுன்சிலர்கிட்ட ஏடிஹெச்டி பத்தியும், அவங்க எழுதிக்கிற வரைக்கும் சொல்லுங்க. டாக்டர் எங்களுக்கு ஒரு பக்கத்துல ரெண்டையும் எழுதிக் குடுத்தார், எங்க போனாலும் அந்தத் தாளத்தான் முதல்ல நீட்டுறேன்.

பையன் இப்ப எப்படி இருக்கான்னு கேப்பீங்க. மாத்திரை திரும்ப ஆரம்பிச்சாச்சு, டாக்டர் மாத்தி எழுதினது. வேப் முழுசா போச்சுன்னு சொல்ல மாட்டேன், நடுவுல ஒரு தடவ வழுக்கினான், அவனே வந்து சொன்னான், அந்த "அவனே வந்து சொன்னான்"ங்கறதுதான் அக்காவுக்கும் எனக்கும் பெருசு. கிளாஸ்ல உக்காருறான். ஃபார்ம் டீச்சர் போன் பண்ணா இப்ப அக்கா பயப்படாம எடுக்கறாங்க.

யாருக்கு இந்த வகுப்பு சரிப்படும்னா, பிள்ளைக்கு ஏடிஹெச்டின்னு ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு, இன்னும் எந்தப் பழக்கமும் வராத பிள்ளையா இருந்தா இன்னும் நல்லது, பிரைமரி ஆறு முடிச்சு செகண்டரி போற நேரத்துலயே வந்துட்டா சிறப்பு. பிள்ளை ஏற்கெனவே கேபாட், வேற போதைப்பொருள்னு போயிருந்தா வகுப்புக்காகக் காத்திருக்காதீங்க, நேரா நாம்ஸ்க்குப் போங்க. அடுத்த குழு பள்ளி லீவு முடிஞ்சு ஆரம்பிக்குதுன்னு சொன்னாங்க. பேர் குடுக்க பள்ளிக்கூடத்துக் கடிதம் எதுவும் தேவையில்ல, பையன் வர மாட்டேன்னு அடம் பிடிச்சா பெரியவங்க மட்டும் வந்தாலும் சேர்த்துக்கறாங்க, எங்க குழுவுலயே அப்படி தனியா வந்த அம்மா ஒருத்தங்க இருந்தாங்க, கடைசி வாரங்கள்ல அவங்க மகனும் கூட வந்து உக்காந்தான்.